கறுப்புக் கோட்டுக்கு முந்தைய நாலு வாரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணாச்சி போன் பண்ணி, "இந்த வருஷம் நீயும் பேசணும், தலைப்பைச் சொல்லு" என்றார். "சட்டம் படிக்கிற பிள்ளைகளோட இன்டர்ன்ஷிப்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏம்ப்பா, நீ மெக்கானிக்கல்தானே?" என்று கேட்டார்.

மெக்கானிக்கல்தான். லேத்தும் வெல்டிங்கும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. சட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. ஒரு சட்ட மாணவிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

2023-ல் நடந்தது. என் சின்னப் பட்டறையிலிருந்து ஒரு பெரிய நிறுவனத்துக்கு இயந்திர உதிரிபாகங்கள் செய்து அனுப்பினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். சரக்கு போய்ச் சேர்ந்தது. குறை ஒன்றும் சொல்லவில்லை. பில்லும் பாஸானது. பணம் மட்டும் வரவில்லை. "அடுத்த வாரம் வாங்க", "ஆடிட் முடியட்டும்", "எம்.டி. வெளியூர் போயிருக்கார்" என்று பதினோரு மாதம் ஓடிவிட்டது. பட்டறையில் இருக்கும் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்க என் மனைவியின் வளையல் பாங்குக்குப் போனது. கடைசியில் மதுரையில் ஒரு வக்கீல் ஆபீஸ் படி ஏறினேன்.

வக்கீல் ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிவில் கோர்ட்டில் வழக்குப் போடுவதைப் பற்றியும், அதற்கு ஆகும் காலத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு ஸ்டூலில் மடியில் நோட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாலு வார இன்டர்ன்ஷிப்புக்கு வந்த சட்ட மாணவி. "சார், ஒண்ணு கேக்கலாமா?" என்று சீனியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, உத்யம் பதிவு வச்சிருக்கீங்களா? சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே பதிஞ்சதா, பொறவு பதிஞ்சதா?"

முன்னாடியே, 2021-லேயே பதிந்திருந்தேன். பாங்க் லோனுக்காகப் பதிந்தது. அதற்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களில் தொழில் நடத்துகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் என்று 2006-ல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளைக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பாங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதா மாதம் வட்டிக்கு வட்டி. கோர்ட்டுக்குப் போகாமலே ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனுக் கொடுக்கலாம். அங்கே தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து, அதை ரத்து செய்யச் சொல்லி வாங்கியவர் கோர்ட்டுக்குப் போவதானால், முக்கால்வாசிப் பணத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

வக்கீல் ஐயா பெரிய மனுஷர். "நல்லாக் கேட்டம்மா, நோட்டீஸை நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். அவள் எழுதினாள், அவர் திருத்தினார், நோட்டீஸ் போனது. ஐந்து வாரத்தில் அசல் முழுக்க வந்தது. வட்டியில் ஒரு பகுதியைப் பேசி வாங்கினோம். வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு, போகும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவா ஒரு பாக்கெட் கொடுத்தேன்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

"கரிவலம்வந்தநல்லூருண்ணா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஊர். பால்வண்ணநாதர் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவைச் சொன்னாள். அப்பா இல்லை. அம்மா சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூலி. இவள் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் மூன்றாம் வருஷம். "இங்க ஏதாவது பணம் தர்றாங்களாம்மா?" என்றேன். சிரித்துவிட்டாள். "இன்டர்ன்ஷிப்புக்கு யாருண்ணா பணம் தருவா? மதுரையில சித்தி வீடு இருக்கு, அதனால வந்தேன்." பிறகு பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். சென்னையில் கம்பெனி வழக்குகள் பார்க்கும் ஓர் அலுவலகம் அவளுக்கு நாலு வாரம் இடம் கொடுத்திருந்தது. ஹாஸ்டல் அட்வான்ஸ், சாப்பாடு, பஸ், கறுப்புக் கோட்டு எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாள். பதினெட்டாயிரம் ரூபாய் வந்தது. "வரலைன்னு மெயில் போட்டுட்டேண்ணா. கணக்கு ஒத்துவரல."

நான் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவள் கேட்ட ஒரு கேள்வியால் எனக்கு வந்த பணம் பதினெட்டாயிரத்தைப்போல் பல மடங்கு. நான் கொடுத்தது ஒரு பாக்கெட் பால்கோவா.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். எந்த மெஷின் ஓடாவிட்டாலும் கழற்றிப் பார்க்கிற புத்தி நமக்கு உண்டல்லவா! கண்டதைச் சொல்கிறேன்.

இந்திய பார் கவுன்சில் 2008-ல் கொண்டுவந்த சட்டக் கல்வி விதிகளின்படி இன்டர்ன்ஷிப் என்பது விருப்பப்பட்டால் போகிற விஷயம் அல்ல, கட்டாயம். ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், பட்டம் முடித்துவிட்டுச் சேரும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம். ஒரு வருஷத்தில் தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேல் கூடாது. வக்கீல், நீதிபதி, தொண்டு நிறுவனம், சட்ட நிறுவனம், கம்பெனி, உள்ளாட்சி அமைப்பு, சட்டமன்றம் என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வழக்கு நடத்தும் வக்கீல்களிடம் ஒரு தடவையாவது இருந்தே ஆகவேண்டும். இதோடு, ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு ஆகிய இரண்டின் விசாரணையை உட்கார்ந்து கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும். கட்சிக்காரர் வக்கீலிடம் பேசுவதை இரண்டு முறை கவனித்து டைரியில் பதிய வேண்டும். இதற்கெல்லாம் மதிப்பெண்ணும் உண்டு.

நல்ல விதிதான். படிப்பை ஏட்டிலேயே முடித்துவிடாமல் பட்டறைக்கு அனுப்புகிறது. குறை என்னவென்றால், போ என்று சொன்ன விதி, போகிற செலவு யாருடையது என்று சொல்லவில்லை. சில பெரிய நிறுவனங்கள் உதவித்தொகை என்று ஏதோ கொடுக்கின்றன. மற்ற இடங்களில் நம் கைக்காசுதான்.

நம் துறையில் அப்படி இல்லை. 2015-ல் நான் பட்டதாரி அப்ரன்டிஸாக இருந்தபோது மாதம் 4,984 ரூபாய் வாங்கினேன். பெரிய தொகை இல்லை. ஆனால் முதலாளி மனசு வைத்துக் கொடுத்ததில்லை, சட்டம் கொடுக்கச் சொன்னது. அதில் பாதியை மத்திய அரசு அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. 2019-ல் பட்டதாரிகளுக்கு 9,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று விதியையே திருத்தினார்கள்.

அப்ரன்டிஸ் சட்டம் வந்தது 1961-ல். வக்கீல்கள் சட்டம் வந்ததும் அதே 1961-ல்தான். அந்தக் காலத்தில் பி.எல். முடித்தவர் ஒரு சீனியரிடம் அப்ரன்டிஸாக இருந்த பிறகுதான் கோட்டு மாட்ட முடியும். 1973-ல் இரண்டு சட்டங்களுக்கும் திருத்தம் வந்தது. ஒரு திருத்தம் பொறியியல் பட்டதாரிகளை அப்ரன்டிஸ் சட்டத்துக்குள் சேர்த்தது. இன்னொரு திருத்தம் வக்கீல் ஆவதற்கு முன் பயிற்சி வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. பொறியாளருக்குப் பயிற்சியும் படியும் சட்டத்தில் ஏறிய அதே வருஷம், வக்கீலுக்குப் பயிற்சி சட்டத்திலிருந்து இறங்கிவிட்டது. பிறகு 1995-ல் பார் கவுன்சில் ஒரு வருஷப் பயிற்சியை மறுபடியும் கொண்டுவந்தது. உனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1999-ல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன் பிறகுதான் 2008 விதிகள் பயிற்சியைப் படிப்புக் காலத்துக்குள்ளேயே வாரக்கணக்கில் வைத்தன. நாட்டில் எல்லாருடைய கூலிக்காகவும் வாதாடுகிற தொழிலில், பழகுகிறவனுக்கு மட்டும் கூலி எழுதப்படவில்லை.

இப்போது லேசாக ஓர் அசைவு தெரிகிறது. சன்னது வாங்கிய ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல செய்தி. ஆனால் அது கோட்டு மாட்டியவர்களுக்கு. ஸ்டூலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அது பொருந்தாது.

இதனால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். சொல்கிறேன். எந்த ஆபீஸில் நாலு வாரம் இருந்தோமோ, அந்த ஆபீஸ்தான் பின்னால் வேலைக்குக் கூப்பிடுகிறது. கூப்பிடாவிட்டாலும், அங்கே கற்றதுதான் அடுத்த வாசலைத் திறக்கிறது. சென்னையிலும் டெல்லியிலும் நாலு வாரம் தங்கச் செலவு பண்ண முடிந்த வீட்டுப் பிள்ளை அந்த வாசலில் நுழைகிறது. சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்தால் சென்னை. தூரம் அவ்வளவுதான். ஆனால் இறங்கின பிறகு தங்க இடம் வேண்டுமே! போக முடியாத பிள்ளை என்ன செய்யும்? தெரிந்த வக்கீலிடம் போய், வந்ததாக ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் வாங்கிக்கொள்ளும். இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. நாம் இன்-பிளான்ட் ட்ரெயினிங் என்று போய், இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதினைந்து நாளுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கி, ரிப்போர்ட்டைச் சீனியரிடம் காப்பி அடித்தவர்கள்தானே! முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். நமக்கு அதன் பலன் என்ன ஆனது? முதல் வேலையில் மைக்ரோமீட்டரைத் தலைகீழாகப் பிடித்தோம். சட்டத்தில் அப்படிப் பிடித்தால் ஒரு மனுஷனின் வீடோ ஜாமீனோ போய்விடும்.

அடுத்தது, எங்கே போவது என்ற கேள்வி. சட்ட மாணவர்களிடம் இப்போது இரண்டு கட்சி இருக்கிறது. பொதுநல வழக்கு, சட்ட உதவி, மனித உரிமை என்று போகிறவர்கள் ஒரு பக்கம். கம்பெனிச் சட்டம், ஒப்பந்தம், வரி என்று போகிறவர்கள் மறுபக்கம். அவர்களுக்கு இவர்கள் பணத்தாசை பிடித்தவர்கள். இவர்களுக்கு அவர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள்.

பொதுநலப் பக்கத்தை முதலில் பார்ப்போம். நம் பக்கத்து ஊர் சிவகாசி. அங்கே தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்ததைப் பற்றி எம்.சி. மேத்தா என்ற வக்கீல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்புக்கு அடியில் ஒரு வேலை இருக்கிறது. 1991-ல் நீதிமன்றம் மூன்று வக்கீல்கள் கொண்ட குழுவை அமைத்து, நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொன்னது. அவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதிக் கொடுத்தார்கள். பொதுநல வழக்கு என்றால் மைக் பிடித்துப் பேசுவது என்று நினைக்கிறோம். போய்ப் பார்ப்பதும், எண்ணுவதும், தேதி போட்டு எழுதுவதும்தான் அதில் பெரும்பகுதி. இதை ஒரு மாணவன் நாலு வாரத்தில் செய்ய முடியும்.

செய்ய இடமும் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணினால் போதும். வட்ட அளவிலும் சட்டப் பணிகள் குழுக்கள் செயல்படுகின்றன. சட்ட மாணவர்கள் அங்கே பாரா லீகல் வாலண்டியராகச் சேரலாம். மாணவர்கள் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து முகாம் நடத்தலாம் என்று 2011 ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. தறியில் விரல் போன அக்காவுக்கு இழப்பீடு கேட்க உரிமை இருக்கிறது என்பதும், அவளுக்கு வக்கீல் இலவசம் என்பதும் அவள் தெருவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. சேர்க்கிறவர் அவள் பேச்சைப் புரிந்துகொள்கிறவராக இருக்க வேண்டும். அந்த வேலைக்கு டெல்லியிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. நம் பிள்ளைகள் போதும்.

இப்போது தொழில் சட்டம். இது பணக்காரக் கம்பெனிக்கு மட்டும் உரியது என்று நானும் நினைத்திருந்தேன். என் கதையை யோசித்துப் பாருங்கள். அன்று அந்தப் பெண் எடுத்துப் போட்டது தொழில் சட்டம்தானே? அது யாரைக் காப்பாற்றியது? நாலு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை. பத்துத் தறி வைத்திருப்பவர் பெரிய வியாபாரியிடம் பணத்துக்குத் தொங்குகிறார். அவருக்குப் பணம் வராவிட்டால் சனிக்கிழமை கூலி நிற்கிறது. கூலி நின்றால் முதலில் பட்டினி கிடப்பது தறி ஓட்டுகிற அக்காதான். ஆகவே அந்த அக்காவுக்குச் சட்ட உதவியும் வேண்டும், அவள் முதலாளிக்கு 45 நாள் சட்டமும் தெரிய வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சங்கனும் பத்மனும் சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சண்டை போட்டார்கள். கோமதி அம்மன் தவம் இருந்தாள். ஒரே மேனியில் இரண்டு பாதியாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார். வருஷா வருஷம் ஆடித்தபசுக்குக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். பொதுநலமா, தொழிலா என்று சண்டை போடுகிற சட்ட மாணவர்களை ஒரு தடவை சங்கரன்கோவிலுக்கு அழைத்து வந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாணவர்களுக்காகச் சில விவரங்கள். இங்கே பி.இ. முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகலாம். போகிறவர்கள் பெருகி வருகிறார்கள். சட்டப் பட்டம் இல்லாமலே, பொறியியல் பட்டத்தோடு தேர்வு எழுதிக் காப்புரிமை முகவராகவும் ஆகலாம். வரைபடம் படிக்கத் தெரிந்தவனுக்கு அங்கே மரியாதை உண்டு.

லா கிளார்க் என்று ஒரு வேலை இருக்கிறது. நம் ஊரில் கிளார்க் என்றால் வக்கீல் குமாஸ்தா. இது வேறு. படிப்பு முடித்தவர்கள் நீதிபதியின் அறையில் இருந்து, வழக்குக் கட்டைப் படித்துச் சுருக்கம் எழுதி, முன்தீர்ப்புகளைத் தேடிக் கொடுக்கும் வேலை. உச்ச நீதிமன்றம் 2024-ல் கொடுத்த விளம்பரத்தில் மாதம் 80,000 ரூபாய் என்று இருந்தது. எழுத்துத் தேர்வு உண்டு. சிபாரிசை விடத் தேர்வு நமக்கு நல்லது. நமக்குச் சிபாரிசு பண்ண யார் இருக்கிறார்கள்? சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருஷ வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, லா கிளார்க்காக இருந்த காலத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்ன்ஷிப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு மெக்கானிக்கின் யோசனைகள். முதல் நாலு வாரத்தைப் பக்கத்துக் கோர்ட்டில் செலவழியுங்கள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் பஸ்ஸில் அரை மணி நேரம். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வாய்தா ஏன் போகிறது, சாட்சி ஏன் பிறழ்கிறான், கட்சிக்காரர் எதை மறைக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அங்கே பேச்சும் சாட்சியமும் தமிழில் நடக்கும். இங்கிலீஷ் வரவில்லை என்று ஒதுங்கி நிற்க வேண்டிய அவசியம் இல்லை. வக்கீல் குமாஸ்தாவிடம் பழகுங்கள். எந்த மனு எந்த டேபிளில் நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். டைரியை அன்றன்றைக்கே எழுதுங்கள். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லாதீர்கள். பயந்துகொண்டு கேட்காமல் இருந்துவிடாதீர்கள். ஒரு கேள்வியால் ஒரு பட்டறை பிழைத்திருக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது வருஷத்தில் வெளியூர் போங்கள். ஒரு தடவை சட்ட உதவி, ஒரு தடவை கம்பெனி வேலை என்று இரண்டையும் பார்த்துவிட்டு எது உங்களுக்கு என்று முடிவு பண்ணுங்கள். பார்க்காமலே முடிவு பண்ணும்படி யாருக்கும் பணம் இல்லாமல் போய்விடக் கூடாது.

அதற்காகத்தான் முன்னாள் மாணவர்களாகிய உங்களிடம் வருகிறேன். 2010-ல் ஷம்நாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர் 'ஐடியா' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெரிய சட்டக் கல்லூரிகளுக்குள் ஏழைப் பிள்ளைகள் வரவே இல்லையே என்று கவலைப்பட்டு, அவர்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்துச் சேர்த்துவிடும் அமைப்பு. அவர் 2019-ல் காலமாகிவிட்டார். அவர் தொடங்கிய வேலை நடக்கிறது. நாம் அவ்வளவு பெரிதாக யோசிக்க வேண்டாம். நாலு வாரம் யோசித்தால் போதும்.

என் கணக்கு இதுதான். ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை வெளியூர் இன்டர்ன்ஷிப் போய்வர இருபதாயிரம் ரூபாய். வருஷத்துக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் ஒரு லட்சம். நம் சங்கத்தில் நூறு பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டால் முடிந்தது. நேற்று இரவு நாம் சாப்பிட்ட விருந்துக்கு அதைவிட அதிகம் ஆகியிருக்கும் என்று பொருளாளர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நம் கல்லூரியில் படித்துவிட்டுச் சட்டத்துக்குப் போனவர்களுக்கும், சுற்று வட்டாரத்திலிருந்து சட்டம் படிக்கிறவர்களுக்கும் கொடுப்போம். நிபந்தனை ஒன்றே ஒன்று. போய் வந்ததும் டைரியைக் கொண்டுவந்து, இந்த மேடையில் நின்று, பார்த்ததைப் பத்து நிமிஷம் இங்கே படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பணத்தோடு இன்னொரு உதவியும் செய்யலாம். சென்னையிலும் பெங்களூரிலும் வீடு வாசலோடு இருக்கும் நண்பர்களே, மாடியில் ஓர் அறை நாலு வாரம் சும்மா கிடந்தால் சங்கத்துக்கு ஒரு போன் பண்ணுங்கள். கம்பெனியில் உயர்ந்த இடத்தில் இருப்பவர்கள் உங்கள் சட்டப் பிரிவில் வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு இடம் வாங்கிக் கொடுங்கள். நமக்குப் படி கொடுத்தது போல அவர்களுக்கும் ஏதாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

முதல் பணத்தை நான் போட்டுவிட்டேன். பதினெட்டாயிரம் ரூபாய், இன்று காலை பொருளாளர் கையில் கொடுத்தாகிவிட்டது. தர்மம் என்று எழுத வேண்டாம், கடன் வசூல் என்று எழுதுங்கள் என்று சொன்னேன். 45 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. மூன்று மடங்கு வட்டி போட்டால் என் பாடு திண்டாட்டம்.

அந்தப் பெண் இப்போது கடைசி வருஷம். சென்ற பொங்கலுக்கு ஊரில் பார்த்தேன். சென்னைக்குப் போக முடியாத அந்த நாலு வாரத்தில் சட்ட உதவி வேலைக்குப் போனாளாம். "அதுவும் நல்லாத்தான் இருந்ததுண்ணா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அதையும் ஒரு தடவை பாத்திருக்கலாம்" என்றாள்.

அடுத்து வருகிற பிள்ளையாவது அப்படிச் சொல்லாமல் இருக்கட்டும்.